சீசாவும் புது ஸ்பீக்கரும்

சீசா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. குளிர்பானத் தொழிற்சாலையில், கண்ணாடிப் பாட்டில் நிரப்பும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுக்கு வந்தும் அவள் பாட்டில் பேச்சையே பேசிக்கொண்டிருந்ததால் அண்ணன் வைத்த பட்டப்பெயர். அது அண்ணன் வாயிலிருந்து அண்ணி வாய்க்குப் போய், அங்கிருந்து பிள்ளைகள் வாய்க்குப் போய், கடைசியில் தொழிற்சாலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது அந்தப் பிரிவுக்கே அவள்தான் பொறுப்பாளர். ஆனாலும் அவசரம் என்றால் மேலாளர்கூட "சீசாவைக் கூப்பிடுங்க" என்றுதான் கத்துவார்.

ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பிறவி அவள். டீ போட்டுக் கொடுத்தால் பாதி குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். மீதியைக் குடிக்க இன்னொரு முறை வருவாள், அதற்குள் ஆறிப்போயிருக்கும், சூடாக்கப் போவாள், சூடாக்க வைத்ததை மறந்து துணி மடிக்கப் போவாள். "உனக்கு நாற்காலியே தேவையில்லடி, நாலு சக்கரம் போதும்" என்பார் அண்ணன். கிட்டாரை எடுத்தால் மட்டும் கொஞ்சம் அடங்குவாள். அதுகூட விரல்களுக்கு ஓட இடம் கிடைப்பதால்தான்.

அவர்கள் ஒரு சின்ன இசைக்குழு வைத்திருந்தார்கள். அண்ணன் டிரம்ஸ். சீசா கிட்டார். பாடுவதும் பேஸ் கிட்டார் வாசிப்பதும், கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி நடத்துகிற ஒருவர். எல்லோருக்கும் அவர் வாத்தியார். அண்ணி மேடை ஏறுவதில்லை. பகலில் மருந்துக்கடையில் வேலை, நிகழ்ச்சி நாட்களில் கூடத்தின் கடைசியில் மிக்ஸரோடு உட்கார்ந்திருப்பார். மேடையிலிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்தையும் கூட்டிக் குறைத்து, ஒன்றாக்கி, கூட்டத்துக்கு அனுப்புவது அவர் கை. அலுவலக ஆண்டு விழா, ஹோட்டலில் வார இறுதி மாலை, யாராவது ஓய்வுபெற்றால் ஒரு நிகழ்ச்சி. அவ்வளவுதான் அவர்கள் உலகம்.

முன்பு கிட்டார் சத்தத்தைப் பெருக்க சீசாவிடம் இருந்தது வால்வு போட்ட பழைய ஆம்ப். நல்ல கம்பீரமான சத்தம். ஆனால் கனம் என்றால் கனம், சின்ன ஃபிரிட்ஜைத் தூக்குகிற மாதிரி. சீசா குடியிருந்தது மூன்றாவது மாடி, அண்ணன் குடும்பம் அதே கட்டடத்தில் முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு நிகழ்ச்சி நாளில், அண்ணன் வரும்வரை பொறுக்காமல், அவளே ஆம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இடுப்பில் சுரீரென்றது. அப்படியே சுவரில் சாய்ந்து, ஆம்பை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேன்ல?" என்று அண்ணன் ஓடிவந்தார்.

"நான் குரல் குடுத்து, நீ சட்டை தேடி, செருப்பு தேடி, வந்து சேர்றதுக்குள்ள நிகழ்ச்சியே முடிஞ்சிருக்கும்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இனி கனம் தூக்கக் கூடாது. ஆம்ப் அண்ணன் வீட்டில் இஸ்திரி மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்தது. சீசா இசைக்கருவிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் ஒரு தட்டையான உலோகப் பெட்டியை எடுத்து வைத்தார். மேலே காலால் அழுத்துகிற பொத்தான்கள், நடுவில் சின்னத் திரை. மாடலர் என்றார். "ஆம்ப், அதுல இருக்குற ஸ்பீக்கர், அதுக்கு முன்னாடி வைக்கிற மைக், அத்தனையும் கணக்குப் போட்டு உள்ளேயே செஞ்சு குடுத்துடும். நூறு ஆம்ப் இருக்கு இதுக்குள்ள. கையில புத்தகம் மாதிரி எடுத்துட்டுப் போகலாம்."

"சத்தம் எது வழியா வரும்?"

அதற்காகவே காத்திருந்தவர்போல் அவர் ஒரு கறுப்பு ஸ்பீக்கரை நகர்த்திக் காட்டினார். சத்தத்தைப் பெருக்கும் சக்தி அதற்குள்ளேயே இருந்தது. மாடலரிலிருந்து ஒரு வயரைச் சொருகினால் போதும். "ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன் மேடம். பழைய கிட்டார் ஆம்ப்ல இருக்குற ஸ்பீக்கர் ஒரு வடிகட்டி மாதிரி. ரொம்பக் கீச்சுனு இருக்குறதை அது வெளிய விடாது. நீங்க ட்ரெபிளை எவ்வளவு ஏத்தினாலும் அதுக்கு மேல பேச அதுக்கு வராது. இந்தப் பவர் ஸ்பீக்கர் அப்படி இல்ல. அடியிலேருந்து உச்சி வரைக்கும் எல்லாத்தையும் பேசும். நீங்க என்ன குடுக்குறீங்களோ அதை அப்படியே போட்டு உடைச்சிடும். பார்த்துக் குடுங்க."

"உடைக்கட்டுமே. எனக்கென்ன?" என்றாள் சீசா.

அன்றிலிருந்து அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நிம்மதியும் போயிற்று.

முதல் சில நாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே ஒவ்வொரு ஆம்பாக எடுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தபோது எல்லாம் மாறிப்போனது. அடியில் ஒரே கும்மல், மேலே ஒன்றுமே இல்லை. ஈரத் துண்டைப் போட்டு மூடிய மாதிரி மந்தமாக இருந்தது. ட்ரெபிளை ஏற்றினாள். பெட்டிக்குள், கீச்சுச் சத்தத்தை வெட்டுவதற்கென்றே ஒரு வசதி இருந்தது, அதை அணைத்தாள். இன்னும் பளிச்சென்ற மைக் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு நாள் சரியாக இருப்பதுபோல் தோன்றும். மறுநாள் வேலை முடிந்து வந்து போட்டால் மறுபடியும் ஈரத் துண்டு. வேலைக்குப் போகும் முன் ஒரு திருகு, வந்ததும் ஒரு திருகு. தொழிற்சாலையில் பாட்டில்கள் வரிசையாக இடித்துக்கொண்டு ஓடும்போதும் அவள் மனது அந்தக் குமிழ்களிலேயே கிடந்தது.

ஒத்திகை நடப்பது வாத்தியாரின் பள்ளிக்கூடத்தில்தான். சுவர் முழுக்க சாலைக் குறிகள், மூலையில் இரும்புத் தண்டில் பொருத்திய ஒரு ஸ்டீயரிங். பாட்டின் நடுவில் சீசா குனிந்து பெட்டியை நோண்ட ஆரம்பித்தால் வாத்தியார் வாசிப்பை நிறுத்திவிடுவார்.

"சீசா மேடம், இப்படிக் கியரை மாத்திக்கிட்டே இருந்தா வண்டி எப்பத்தான் கிளம்பும்?"

"ஒரே நிமிஷம் வாத்தியாரே. மந்தமா இருக்கு. உங்களுக்குத் தெரியலையா?"

வாத்தியார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டிரம்ஸ் குச்சியைப் பார்த்தார். அண்ணி மிக்ஸரில் எதையோ துடைத்தார்.

கொஞ்ச நாளில் அண்ணன் ஒரு பக்கக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளத் தொடங்கினார். சீசா நிற்கும் பக்கத்துக் காது. கேட்டால், "குளிர் காத்து ஒத்துக்கலம்மா" என்பார். தோள் உயரத்தில் தாங்கியில் நிறுத்தியிருந்த ஸ்பீக்கரைக் கீழே இறக்கி வைக்கச் சொன்னார் அண்ணி. "உன் பக்கமா சாய்ச்சு வெச்சுக்கோயேன். உனக்குக் கேட்டாப் போதும்ல. கூட்டத்துக்கு நான் அனுப்பிக்கிறேன்." அது உண்மைதான். பெட்டியிலிருந்து இரண்டு வயர் போகும்: ஒன்று சீசாவின் ஸ்பீக்கருக்கு, இன்னொன்று அண்ணியின் மிக்ஸருக்கு. கூட்டம் கேட்பது மிக்ஸர் வழியாக வருவதைத்தான். சீசா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிகழ்ச்சிகளில் கைதட்டல் வந்தது. ஹோட்டல்காரர் மறுபடியும் கூப்பிட்டார். அவளுக்கு மட்டும் அரிப்பு நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையில் ஃபோர்மேன் ஓய்வுபெற்றார். கேன்டீனில் சின்னக் கூட்டம். சீசாவின் குழு வாசிக்க வேண்டும் என்று ஃபோர்மேனே கேட்டுக்கொண்டார். அன்று அண்ணிக்கு மருந்துக்கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, வர முடியாது. "அதனாலென்ன? சின்ன இடம்தானே, மிக்ஸரே வேணாம்" என்றாள் சீசா. வாத்தியார் குரலுக்கும் பேஸுக்கும் அவருடைய பழைய பெட்டி ஸ்பீக்கர் ஒன்று. கிட்டாருக்கு அவளுடைய பவர் ஸ்பீக்கர், நேராகக் கூட்டத்தைப் பார்த்து. உள்ளுக்குள் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. நடுவில் யார் கையும் படாமல், அவள் செய்து வைத்த சத்தம் அப்படியே ஜனங்களுக்குப் போகப்போகிறது.

முதல் பாட்டின் முதல் வரியிலேயே முன்வரிசையில் யாரோ தோளைக் குலுக்கிச் சிலிர்த்தார்கள். சீசா பார்த்தாள், கண்டுகொள்ளவில்லை. தனி வாசிப்பு வந்தபோது ஃபோர்மேனின் மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தன் பிரிவில் பாட்டில் அடுக்குகிற பெண்கள் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தாள். சத்தம் அதிகம் போலிருக்கிறது என்று குறைத்தாள். குறைத்ததும் அவளுக்கு மந்தமாகிவிட்டது. ட்ரெபிளை ஏற்றினாள்.

அடுத்த பாட்டின் பாதியில் கேன்டீன் மேலாளர் கையைக் கூப்பிக்கொண்டே மேடைக்கு வந்துவிட்டார். "சீசாம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கிட்டாரை மட்டும் கொஞ்சம்... பல்லு கூசுதும்மா."

மீதிப் பாட்டுகளை அவள் வெறும் ஒப்புக்கு, கேட்டும் கேட்காத அளவுக்கு வைத்து வாசித்தாள். முடிந்ததும் வயர்களைச் சுருட்டிக்கொண்டே அண்ணனிடம் பொரிந்தாள்.

"ஸ்பீக்கர்ல கோளாறு இருக்கு. இல்ல இந்த ரூமே சரியில்ல. எல்லாம் டைல்ஸ், கண்ணாடி, சத்தம் எகிறுது. ஹோட்டல்ல இதே சத்தம்தானே? அங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

அண்ணன் சிம்பலை உறையில் போட்டுக்கொண்டிருந்தவர், அலுப்பில் வாயை விட்டுவிட்டார். "அங்க உங்க அண்ணி இருக்காளே. அவ வெட்டித்தானே வெளிய விடுறா."

"எதை வெட்டுறாங்க?"

அண்ணன் உறையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"எதை வெட்டுறாங்க அண்ணா?"

"உன் கிட்டார்ல அந்தக் கீச்சை. அரைவாசிக்கு மேல எடுத்துடுவா. இல்லாட்டி ஒருத்தன் உக்கார முடியாதும்மா."

"எப்பலேருந்து?"

"நீ இதை வாங்கின நாள்லேருந்து" என்றார் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் சீசா வேலைக்குப் போகும் வழியில் நேரே மருந்துக்கடைக்குப் போனாள். அண்ணி ஒரு பெரியவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சீசா அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கவெல்லாம் இல்லை.

"எத்தனை மாசமா என்னை முட்டாளாக்கிட்டு இருக்கீங்க அண்ணி?"

அண்ணி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு பெரியவரிடம், "காலையில ஒண்ணு, சாப்பிட்ட பிறகு" என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தார். பெரியவர் நகரவில்லை. சுவாரசியமாகிவிட்டது அவருக்கு.

"நேத்து நடந்ததைச் சொன்னார் உங்க அண்ணன். நானே உங்கிட்டப் பேசணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? நான் செத்த பிறகா? நான் பாட்டுக்கு வீட்டுல உக்காந்து திருகுவேன், நீங்க பாட்டுக்கு அங்க உக்காந்து வெட்டுவீங்க. கைதட்டு எனக்குன்னு நினைச்சேனே, அது யாருக்கு?"

"கத்தாதே. மொதல்ல உனக்கு அந்த மாதிரிச் சத்தம்தான் பிடிக்குது போலன்னு நினைச்சேன். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு ருசி. வெட்டிச் சமாளிச்சேன். அப்புறம்..." அண்ணி குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் வேற மாதிரி யோசனை வந்துச்சு. அதை எந்த வாயால சொல்றதுன்னு தெரியல."

"எதை?"

"மொட்டைமாடியில தண்ணித் தொட்டி நிறைஞ்சா ஒரு அலாரம் கத்துமே."

"அதுக்கு என்ன இப்ப? அது கெட்டுப்போய் எவ்வளவோ நாளாச்சு."

பெரியவர் இருமினார்.

"கெட்டுப்போகலம்மா" என்றார் அண்ணி. "உன் தலைக்கு மேலதான் கத்துது. நீ மோட்டாரை அணைக்க மாட்டேங்குறேன்னு கீழ்வீட்டுக்காரர் மூணு மாடி ஏறி வந்து அணைச்சுட்டு, எங்கிட்ட வந்து சண்டை போட்டுட்டுப் போவார். அவ அப்படித்தான், காதுல வாங்க மாட்டான்னு நான் சொல்லி அனுப்புவேன். ஒருநாள் சொல்லி அனுப்பிட்டு எனக்கே சுருக்குன்னுச்சு."

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க" என்றாள் சீசா. சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெளியே வந்துவிட்டாள்.

அவள் அன்று வேலைக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, மொட்டைமாடிக்கு ஏறி, வாசலில் இருந்த மோட்டார் சுவிட்சைப் போட்டாள். நல்ல வெயில். தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் சோப்புப் பெட்டி அளவில் அந்த அலாரம். அதற்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நிற்க முடியவில்லை, நடந்தாள், திரும்பி வந்தாள். தொட்டிக்குள் தண்ணீர் ஏறுவது கேட்டது. தெருவில் லாரி போவது கேட்டது. பிறகு பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. அவள் காதைக் கொண்டுபோய் அதன் மேலேயே வைத்தாள். எங்கோ, சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு கொசு பறப்பதுபோல் ஏதோ ஒன்று. அதுகூட நிஜமா, நினைப்பா என்று தெரியவில்லை. தொட்டி வழிந்து தண்ணீர் அவள் பாதத்தை நனைத்தது.

கீழ்வீட்டுக்காரர் மூச்சிரைக்க மேலே வந்துசேர்ந்தார். "இங்கேயே நின்னுக்கிட்டு... காது என்ன செவிடா?" என்று ஆரம்பித்தவர், அவள் திரும்பிய முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, தானே போய் மோட்டாரை அணைத்தார்.

தொழிற்சாலையில் ஆண்டுதோறும் காதுப் பரிசோதனை உண்டு. நர்ஸ் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொல்வார். சீசா ஒருமுறைகூடத் தவறியதில்லை. இப்போது யோசித்தால் அவளுக்கே புரிந்தது. நர்ஸ் அவசரத்தில் ஒரே சீராக, தாளம் போட்ட மாதிரிச் சத்தத்தை விட்டுக்கொண்டே போவார். வாசிக்கிற கை, தாளம் பிடித்து அழுத்திக்கொண்டே போய்விடும். பாதுகாப்புக்குக் கொடுத்த காதடைப்பான்களில் ஒன்றைத்தான் அவள் போட்டுக்கொள்வாள். ஒரு பாட்டில் சரிந்தால்கூட முதலில் தெரிய வேண்டுமே என்று இடது காதைத் திறந்தே வைத்திருந்தாள். அத்தனை வருஷமும் கண்ணாடி கண்ணாடியோடு இடிக்கிற சத்தம் அந்தத் திறந்த வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

காது ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்த பெண் தாளத்தோடெல்லாம் சத்தம் விடவில்லை. கனத்த கதவை மூடிவிட்டு, ஒரு சத்தம், பிறகு நீண்ட இடைவெளி, உடனே இரண்டு. ஆரம்பத்தில் சீசா நன்றாகவே அழுத்தினாள். சத்தங்கள் மேலே ஏற ஏற நின்றுபோயின. மெஷினை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து எழுந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், உட்காருங்கள் என்று கை காட்டினாள். பரிசோதனை நடந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டு காதிலும் உச்சிச் சத்தங்கள் போயிருந்தன; இடதில் அதிகம். திரும்ப வராது என்றார் டாக்டர். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். காதுக் கருவி வைத்துப் பார்க்கலாம். பேச்சுக்கு இப்போதைக்குப் பெரிய பாதகமில்லை. "பாட்டு வாசிப்பீங்களா? அப்ப நீங்களே உணர்ந்திருப்பீங்களே, மேல ஒண்ணும் இல்லாத மாதிரி?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டார்.

பழைய ஆம்ப் வடிகட்டி, வடிகட்டி, யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை, புது ஸ்பீக்கர் போட்டு உடைத்துவிட்டது. அவளுக்கு அந்த ஸ்பீக்கர் மேல் வந்த கோபம் அண்ணி மேல்கூட வரவில்லை. விற்றுவிடலாம் என்று துடைத்துப் படம் பிடித்தாள். படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. ஒத்திகைக்குப் போகவில்லை. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. மூன்று மாடி இறங்கித் தெருமுனை வரை போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். ஒருநாள் முதல் மாடியில் நின்று, அண்ணன் வீட்டுக்குள் போனாள். யாரிடமும் பேசாமல் இஸ்திரி மேசைக்குக் கீழிருந்த பழைய ஆம்பின் மேல் கிடந்த துணியை எடுத்துவிட்டு, வயரைச் சொருகி வாசித்தாள். அதே பழைய கம்பீரம். அறையில் இருந்த யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. அவளுக்கு மந்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த மந்தம் பழகிய மந்தம்.

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றார். "இதையே வெச்சுக்கோயேன். நானும் உங்க அண்ணனும் தூக்கிக்கிறோம்."

"எத்தனை நாளைக்கு?"

"முடியுற வரைக்கும்."

சீசா ஆம்பை அணைத்தாள். "என்னை ஒருத்தியைக் கூப்பிட்டா நீங்க ரெண்டு பேரும் ஆம்பும் சேர்ந்து வரணுமா? வேணாம் அண்ணி." கொஞ்ச நேரம் கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு இன்னிக்கு லீவுதானே? மேல வாங்க."

அந்த மதியம் முழுக்க இருவரும் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். பவர் ஸ்பீக்கரைத் தாங்கியில் நிறுத்தி, கூட்டம் உட்காரும் தூரம் என்று கணக்குப் பண்ணி, அறைக் கோடியில் நாற்காலி போட்டு அண்ணியை உட்கார வைத்தாள். நிகழ்ச்சியில் வைக்கிற சத்தத்துக்கே வைத்தாள். மெதுவாக வைத்துச் செய்ததெல்லாம் சத்தமாக வைத்தால் மாறிவிடும் என்பது பட்டுத் தெரிந்ததுதான். சுவரை ஒட்டியிருந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் முன்னால் இழுத்ததிலேயே அடியில் இருந்த கும்மல் பாதி போயிற்று. அது இருவருக்குமே கேட்டது. பிறகு ட்ரெபிளில் கை வைத்தாள்.

"சொல்லுங்க. எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தச் சொல்லுங்க."

"குறை. இன்னும் குறை. இன்னும்."

"இதுக்கு மேலயா?"

"இன்னும் கொஞ்சம்... போதும். இப்ப நல்லாருக்கு, சீசா. நிஜமாவே நல்லாருக்கு. வழுவழுன்னு இருக்கு."

சீசா அந்த இடத்தில் வாசித்துப் பார்த்தாள். கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசிப்பதுபோல் இருந்தது. கம்பியை எங்கே தொட்டோம், எப்போது விட்டோம் என்ற விளிம்பே இல்லை. அவளை அறியாமல் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஒரு கம்பி அறுந்து கையில் கீறியது. அண்ணி எழுந்து வரப்போனார்.

"உக்காருங்க" என்றாள். வேறு கம்பி மாட்டினாள். மறுபடியும் வாசித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, திரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்தாள்.

பெட்டியில் இரண்டு வழி இருந்தது கடைசியில் உதவியது. அண்ணி சொன்ன சத்தம் ஒரு வழியாக மிக்ஸருக்குப் போகும். அதில் சீசா கை வைக்கக் கூடாது. இன்னொரு வழியில் அவளுக்குப் பிடித்த சத்தம் அவளுடைய ஸ்பீக்கருக்கு. அதைத் தாங்கியிலிருந்து இறக்கி, காலடியில், முகத்தைப் பார்த்துச் சாய்த்து, அவள் மட்டும் கேட்கிற அளவுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது. கேன்டீன் மாதிரிச் சின்ன இடங்களில், ஒரே ஸ்பீக்கர்தான் என்றால், அண்ணியின் சத்தம்தான். அங்கே கம்பளிக்குள்தான் வாசிக்க வேண்டும்.

"சம்மதமா?" என்று அண்ணி கேட்டார்.

"சம்மதம்னு யார் சொன்னா? வேற வழி இருக்கா?" என்றாள் சீசா.

அடுத்த ஹோட்டல் நிகழ்ச்சியில் அண்ணன் காதில் பஞ்சு இல்லை. வாத்தியார் உற்சாகத்தில் பாட்டுக்கு நடுவே பிரேக் மிதிப்பதுபோல் காலை உதைத்துக்கொண்டு பாடினார். சீசாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்தில் என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரியாது; இனி எப்போதும் முழுசாகத் தெரியப்போவதில்லை. கூட்டத்தில் யாராவது காதைத் தொடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே வாசித்தாள். ஒருவர் காதைச் சொரிந்தபோது ஒரு ஸ்வரமே தவறிவிட்டது.

முடிந்ததும் நேரே அண்ணியிடம் போனாள். "எப்படி இருந்துச்சு?"

அண்ணி வயரைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். "மூணாவது பாட்டுல கிட்டார் தொடங்குற இடத்துல நீ லேட்டு. ரெண்டு தடவை."

"சத்தத்தைக் கேட்டேன்."

"சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு. நீதான் லேட்டு."

சீசாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், மூன்றாவது பாட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். லேட்டுதான். "ஆமா" என்றாள்.

தொழிற்சாலையில் இப்போது இரண்டு காதையும் அடைத்துக்கொண்டுதான் நடக்கிறாள். கூப்பிட வேண்டுமானால் தோளைத் தொட வேண்டும். தன் பிரிவுப் பெண்களிடமும் ஒன்றுவிடாமல் காதடைப்பானைச் சோதிக்கிறாள். ஒரு காதைத் திறந்து வைத்திருந்தால் கத்தித் தீர்த்துவிடுகிறாள். சேமிப்புக் கிடங்குக்கு மாறிக்கொள்ளச் சொன்னார் மேலாளர். போய்ப் பார்த்தாள். அங்கே இருந்த நிசப்தத்தில் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அந்த மாதமே திரும்பி வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கருவி ஒன்றைப் பரீட்சார்த்தமாகக் கொடுத்திருக்கிறார்கள். பேருந்தில் போட்டுக்கொள்கிறாள், வீட்டில் போட்டுக்கொள்கிறாள். பாலித்தீன் பை கசங்குவது இவ்வளவு பெரிய சத்தமா என்று வியக்கிறாள், எரிச்சல்படுகிறாள். வாசிக்கும்போது மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறாள்.

"அதைப் போட்டுக்கிட்டு வாசிச்சுப் பாரேன்" என்றார் அண்ணி, போன வாரம் ஒத்திகையில்.

"பார்த்தேன். கிட்டார் தகர டப்பா மாதிரி கேக்குது. கேட்டா, பழகணுமாம். அதுலயும் ஏதோ செட்டிங் இருக்காம், திரும்ப வரச் சொல்லிருக்காங்க."

"அய்யோ" என்றார் வாத்தியார். "இதுலயும் திருகுறதுக்கு ஒரு நாப் வேற இருக்கா மேடம்?"

அண்ணன் சிரித்துவிட்டார். சீசாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காலடியில் இருந்த தன் ஸ்பீக்கரைக் கால்விரலால் கொஞ்சம் தள்ளினாள், காதை நீட்டிக் கேட்டாள், திருப்தியில்லை, மறுபடியும் இழுத்தாள். அடுத்த பாட்டுக்கு அண்ணன் குச்சிகளைத் தட்டி எண்ணத் தொடங்கியபோதும் அவள் குனிந்துதான் இருந்தாள்.